மொனிட்டரில் உன் அம்மாவின் நிறம்

நீ உன் அம்மாவை விற்றுவிட்டாய். எல்லவில், ஸ்டேஷனுக்கு மேலே ஏறும் பாதையில் இருக்கும் ஒரு ஹோட்டலுக்கு விற்றாய். எவ்வளவுக்கு என்று நான் கேட்கப் போவதில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அவளை மாட்டியிருக்கிறார்கள். கூடை முதுகில், கயிறு தலையில், பின்னால் பனி. படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பித்தளைத் தகடு, அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. முதல் வரி, ஊவாவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். இரண்டாவது வரி, படம் எடுத்தவரின் பெயர். உன் பெயர் முழுதாக இருக்கிறது, என் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து. அவளுக்குப் பெயர் இல்லை. தனலெட்சுமி என்று எழுத அந்தத் தகட்டில் இடம் இருந்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் இந்தப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். வட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அச்சில் வந்தால் யாராவது ஒருவர் பக்கத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவைப்பார். நம் ஆட்கள் அந்த ஒரு வேலைக்குச் சோம்பல் படமாட்டார்கள். எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு ஃபைல். அன்றைக்குக் காலையில் மலையில் நீ எடுத்த அந்தப் படத்தின் ரா ஃபைல், கமெரா பார்த்தது பார்த்தபடி, யாரும் கை வைக்காதது. அது உன் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. ஏன் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த, நம் ஸ்டூடியோவின் அந்தப் பழைய கொம்பியூட்டர் சித்திரை மாதத்து இடியில் போய்விட்டது. பதுளையின் சித்திரை உனக்கு மறந்திருக்காது. பன்னிரண்டு மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில், மூன்று மணிக்கு வானம் உடையும். ஸ்டூடியோவில் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிறவள், தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். யூ.பி.எஸ். பட்டரி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, நான் வயரை நேராகச் சுவரில் சொருகி வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு சத்தம், கொஞ்சம் கருகிய வாசனை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போச்சு அண்ணே, டிஸ்க்கும் போச்சு. உள்ளுக்கு என்னா இருந்திச்சு?" என்றான். "எல்லாம்" என்றேன். "பேக்கப்?" இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப ஒரு கும்புடு போட்டுட்டு வேற வாங்குங்க" என்றான்.

உனக்குச் செய்தி அனுப்பினேன். நீயும் பதில் போட்டாய், அதைச் சொல்லத்தான் வேண்டும். ப்ரொசசர் நடுத்தரம் போதும். ராம் 32. எஸ்.எஸ்.டி. ஒண்ணு. ஐ.பி.எஸ். மொனிட்டர். கிராபிக்ஸ் கார்ட் தேவையில்ல. பாத்து வாங்குங்க. பிஸி. பட்டியலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொழும்பில் பெரிய கல்யாணங்களுக்கு ஆல்பம் செய்கிறவன், உனக்குத் தெரியாததா? ஆனால் அந்த டிஸ்க்கில் அம்மா இருந்தாளா என்று நீ கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா அப்பா" என்று எழுத எத்தனை ஜிபி ராம் தேவைப்படும் என்றும் யோசித்துப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலே எழுதலாம்.

நீ பட்டியல் கொடுத்ததால் நானும் என் பட்டியலைச் சொல்கிறேன். முதல் கொம்பியூட்டர் வாங்கும்போது உனக்குப் பதினாறு வயது. படம் திருத்த எந்த மெஷின் நல்லது என்று சொல்ல அப்போது பதுளையில் எனக்கு ஆள் இல்லை. கடைக்காரர் எது பளிச்சென்று தெரிந்ததோ அதைக் காட்டினார், நான் அதை வாங்கினேன். மொனிட்டரின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தோம், ஏனென்றால் வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்தது. நீ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாய், நான் பின்னால் நிற்பேன். மலிவான திரை, நிற்கிறவன் கண்ணுக்கு ஒரு நிறம், உட்கார்ந்தவன் கண்ணுக்கு ஒரு நிறம். "வெளுப்பு கூடிப்போச்சு அப்பா" என்பாய். "எங்கடா கூடுச்சு, சரியாத்தான் இருக்கு" என்பேன். நாம் இரண்டு பேரும் இரண்டு படங்களைப் பார்த்துக்கொண்டு சண்டை போட்டோம் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. பிரிண்ட் போட்டால் முகமெல்லாம் இருண்டு வந்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைக்கத் தோன்றவில்லை. முகத்தை மட்டும் இன்னும் ஏற்றச் சொன்னேன்.

ஹல்துமுல்லையிலிருந்து அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஆல்பத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு, "ஏங்க, எம் மக மூஞ்சி ஒரு ஊரு, கை ஒரு ஊரா?" என்று கேட்டார். நீ சிரித்துவிட்டாய். நான் உன்னை முறைத்தேன். படத்தில் அந்தப் பெண் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றாள், மாலையைப் பிடித்திருந்த கை மட்டும் அவளுடைய சொந்தக் கையாக, வெயிலில் வேலை செய்த கையாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்டுவிட்டு, கையையும் வெளுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாவும் திருப்தியாகத்தான் போனார். அதுதான் கொடுமை.

நம் தொழிலை நான் உனக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். தோட்டத்தில் ஒருவர் செத்தால் மறுநாள் காலையில் சொந்தக்காரர் ஒருவர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நிற்பார். அந்த மனிதருக்கு வேறு படமே இருக்காது. அரசாங்கம் கேட்டதற்காக ஒருமுறை கமெராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர், அவ்வளவுதான். அந்த நகமளவு முகத்தை எடுத்து, ஆண் என்றால் கோட்டும் டையும், பெண் என்றால் பட்டுப் புடவையும் உள்ள ஒரு உடம்பின் மேல் வைப்போம். உயிரோடு இருந்தபோது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தவிர எதையும் பிடிக்காத மனிதர், செத்த பிறகு பேங்க் மனேஜர் மாதிரி மாலைக்குள் இருப்பார். 'பட்டுப் புடவை நாலு' என்று நீ பெயர் வைத்த ஃபைல் ஒன்று இருந்ததே, அரக்கு நிறம், தங்கக் கரை. ஹாலிஎலவிலிருந்து ஹல்துமுல்லை வரை எத்தனை வீட்டுச் சுவரில் அதே புடவை தொங்குகிறது. அந்தப் புடவைக்குள் இருக்கும் உடம்பு யாருடையது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இது மரியாதை என்று நான் நம்பினேன். உயிரோடு இருந்தபோது யாரும் கொடுக்காத மரியாதையை நான் கொடுப்பதாக நினைத்தேன். அந்த மனிதர் எப்படி இருந்தாரோ அது மரியாதைக்கு உரியதல்ல என்று ஒவ்வொரு முறையும் நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு வேடிக்கை. உன் சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் அவளையும் சேர்த்து எல்லோரையும் வெளுத்து, பிரேம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேலையால் வந்து கால் கழுவிவிட்டு, ஈரக் கையோடு படத்தைப் பார்த்தாள். "இது யாருங்க? ஒங்க மொத பொண்டாட்டியா? சொல்லவே இல்ல" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவள் தலையில், வகிடு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கூடைக் கயிறு உட்கார்ந்து உட்கார்ந்து முடி போய் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை விழுந்திருந்தது. அந்த இடத்தில் எலும்பே கொஞ்சம் அமுங்கினது போல இருக்கும். அதையும் எடுத்திருந்தேன். அவள் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத ஏன் அழிச்சீங்க? தொர பாத்தாருன்னா இவ மலைக்கே வரலன்னு அரைப்பேரு போட்டுருவாரு" என்றாள். சொன்ன கிலோ எடுக்காதவளுக்கு அரை நாள் சம்பளம் எழுதுவதைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். அவள் வாழ்நாளில் அரைப்பேர் வாங்கியது இரண்டோ மூன்றோ முறைதான். அதில் ஒன்று நீ பிறந்த மாதம்.

அவள் ஏன் அவ்வளவு காலம் மலைக்குப் போனாள் என்பதை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டூடியோ ஓரளவு நடக்கத் தொடங்கிய பிறகு அவள் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பரா போயிருக்கும். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் கூரை. தலைமுறை தலைமுறையாக இந்த மலையைக் கொத்திக்கொண்டு நின்றும், நிற்கிற தரை நமக்குச் சொந்தமில்லை. நான் டவுனில் முதலாளி என்று பெயர் வாங்கினேன், அந்தப் பெயருக்குக் கூரை போட்டது அவள் தலையில் இருந்த கயிறு. ஊரில் இருக்கிறவர்கள் எல்லோரையும் படம் எடுத்த நான் அவளைத் தனியாக உட்காரவைத்து ஒரு படம் எடுத்ததில்லை. வீட்டில்தானே இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன். அவளுடைய பதினெட்டு வயது அடையாள அட்டை, நம் கல்யாணத்தில் தலை குனிந்து நிற்கும் ஒரு படம், விசேஷங்களில் ஓரமாக நிற்கும் சில படங்கள். அந்தச் சிலதும் இடியில் போன டிஸ்க்கில் இருந்தவை.

அவளை உண்மையாக எடுத்தவன் நீதான். தெமோதரைப் பக்கத்து மலையில், ஒரு மார்கழிக் காலையில், நான் வாங்கிக் கொடுத்த கமெராவோடு அவள் பின்னாலேயே போனாய். அவள் என்ன சொன்னாள் என்று நீதான் பிறகு வீட்டில் நடித்துக் காட்டினாய். "வெலகுடா எருமை, கங்காணி பாக்குறாரு. சாப்பிட்டியா? ரொட்டி மூடி வச்சிருக்கேன், போய்த் தின்னு." அந்தக் கடைசிச் சொல்லில் நீ கிளிக் செய்திருக்கிறாய். அவள் முகத்தில் பாதி கோபம், பாதி நீ சாப்பிடவில்லையே என்ற கவலை. கமெராவின் பின்பக்கத் திரையில் எனக்குக் காட்டினாய். பெருவிரல் அகலத்துக்குத்தான் பார்த்தேன், "நல்லாருக்கு, லைட் கொஞ்சம் கம்மி" என்று வாத்தியார் போலச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அடுத்த வருஷம் அவளைக் குளவி கொட்டியது. மரத்தில் கூடு இருக்கிறது என்று பெண்கள் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் இல்லை, கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். லொறி முதலில் பெக்டரிக்குப் போய்க் கொழுந்து மூட்டைகளை இறக்கியது, பிறகுதான் பதுளைக்கு வந்தது. நான் ஸ்டூடியோவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கட்டிலில் கிடந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெட்டிக்குள்ளும் அந்த வீக்கம் வடியவில்லை. ஆகவே நான் அவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது. அப்போது நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன், "போய்ட்டு வாறேங்க" என்றாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன்.

மறுநாள் காலை ஸ்டூடியோவில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. நீ அந்த மலைப் படத்தைத் திறந்தாய். உன் கண் சிவந்திருந்தது. "அப்பா, கயிறு இருக்கட்டும்பா. அம்மா இப்பிடித்தானே இருந்தாங்க" என்றாய். "நாலு பேரு வாற சாவு வீடுடா. கொழுந்துக்காரியாவா மாலை போடச் சொல்ற? கயித்த எடு, கூடைய எடு. கொஞ்சம் வெளுப்பா வை" என்றேன். "எவ்வளவு வெளுக்கணும்?" என்று கேட்டாய். "நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்" என்றேன். நீ வெளுத்துக்கொண்டே போனாய், நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. கடைசியில் நீயாகத்தான் மவுஸிலிருந்து கையை எடுத்தாய். பட்டுப் புடவை நாலு. அந்தப் படம் இப்போதும் வீட்டில் என் தலைக்கு மேலே இருக்கிறது. வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் நீ ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினாய்.

இப்போது எல்லவுக்கு வருகிறேன். உன் பட்டியலில் உள்ளதைப் புதிதாக வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வம் மாமா, அம்மாவின் அண்ணன், அவர் சமையல் வேலை செய்யும் ஹோட்டலில் பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கொடுக்கப் போகிறார்கள் என்றார். போனேன். அவர் குசினி வாசலிலேயே நின்றுகொண்டு, "நீங்க உள்ளுக்குப் போங்க மச்சான், எனக்கு அடுப்புல வேல" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். உள்ளே போனேன், சுவரில் அவள். நான் கை கூப்பினேனா, சும்மா நின்றேனா என்று நினைவில்லை. மனேஜர் சிங்களவர், நல்ல மனிதர், தெரிந்த தமிழில் பேசினார். நான் படத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மொனிட்டரில் அதே படத்தைத் திறந்தார். "அண்ணே, கலர் பாருங்க. இந்தம்மாட மூஞ்சில ஒவ்வொரு கோடும் தெரியுது. நல்ல மொனிட்டர்."

கோடுகள் தெரிந்தன. அவளுக்கு இல்லாத கோடுகள். நாற்பத்தொன்பது வயதில் போனவளை நீ எழுபது வயதுக்காரியாக்கியிருந்தாய். அவள் நிறத்தை இரண்டு மடங்கு இறக்கி, சுருக்கத்தை ஏற்றி, கண்ணில் மட்டும் வெளிச்சம் வைத்து, கயிற்றைக் கத்தி மாதிரித் தீட்டியிருந்தாய். தோளோரத்தில், அழுத்தித் திருத்தினால் விழுமே அந்த வெள்ளை விளிம்பு, அதுகூட இருந்தது. நான் கற்றுக்கொடுத்த வேலை, எனக்குத் தெரியாமல் போகுமா? "சாப்பிட்டியா" என்று கேட்ட வாயை, உலகத்துத் துயரத்தையெல்லாம் சுமக்கிற வாயாக மாற்றிவிட்டாய். வெள்ளைக்காரனுக்கு அப்படித்தான் பிடிக்கும். காலையில் டீ குடித்துக்கொண்டே பார்த்து உச்சுக்கொட்டலாம்.

"இந்தம்மா உங்களுக்குத் தெரியுமா?" என்று மனேஜர் கேட்டார். தெரிந்தவங்கதான் என்றேன். "உசுரோட இருக்காங்களா? கெஸ்ட் எல்லாம் பாக்கணும், கதைக்கணும்னு கேக்குறாங்க." இல்லை என்றேன். படத்தின் ஒரு கொப்பி கேட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஐயோ அண்ணே, அது சல்லி குடுத்து வாங்கினது. கொப்பிரைட் ஈக்குது. சுவர்ல இருக்கிறத போன்ல எடுங்க, அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டம். எல்லாரும் எடுக்குறாங்க." எனக்கு முன்னால் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை காத்திருந்து நானும் எடுத்தேன். என் மனைவிதான் என்று அவரிடம் ஏன் சொல்லவில்லை? தகட்டில் என் முதலெழுத்து இருந்தது. நானும் சேர்ந்துதான் விற்றேன் என்று அவர் நினைத்திருப்பார். அது பாதி உண்மை.

வெளியே வந்து மாமாவிடம் கத்தினேன். "ஒரு வருஷமா தொங்குது, ஒரு வார்த்த சொல்லலியே மச்சான்!" அவர் கரண்டியோடு வந்து நின்றார். "நீங்களும் அவனும் பேசித்தான் குடுத்தீங்கன்னு நெனச்சேன். கேட்டா வருத்தப்படுவீங்கன்னு இருந்துட்டேன். நான் தங்கச்சி மூஞ்சியப் பாத்துட்டுத்தான் டெய்லி அடுப்படிக்குப் போறேன். ஒருநா பூ வச்சேன். மனேஜர் எடுக்கச் சொல்லிட்டாரு. இது என்னா சாமின்னு கெஸ்ட் கேக்குறாங்களாம்." பிறகு, "மூஞ்சி கொஞ்சம் வேற மாதிரித்தான் இருக்கு. ஆனா கயிறு இருக்கே மச்சான். ஒங்க வீட்டுப் படத்துல அதுவும் இல்லியே" என்றார். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

அந்த மெஷினை நான் வாங்கவில்லை. பதுளைக்கு வந்து புதிது வாங்கினேன், உன் பட்டியல்படியே, ஆனால் மொனிட்டரை மட்டும் என் முறையில் தேர்ந்தெடுத்தேன். என் இடது கையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர், "வெட்டிங்குக்கா அண்ணே? இந்தக் கேஸிங்கப் பாருங்க, ஏழு கலர்ல லைட் எரியும்" என்றார். "அந்த லைட்டுல என் கை தெரியுமா?" என்றேன். ஒவ்வொரு மொனிட்டரிலும் கையைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்து, நின்று, இடமும் வலமும் சாய்ந்து பார்த்தேன். சாமான் வாங்க வந்த ஒருவர், "என்னா அண்ணே, மொனிட்டருக்குக் கரணம் போடுறாரு" என்று சிரித்தார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பல நாளைக்குப் பிறகு. எதில் என் கை என் கையாகவே இருந்ததோ, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மாறாமல் இருந்ததோ, அதை எடுத்தேன். டிஸ்க் இரண்டு வாங்கினேன், ஒன்றில் வேலை, மற்றதில் அதன் கொப்பி, தினமும். யூ.பி.எஸ். புதிது. படத்தைத் திருத்தினால் வேறு பெயரில் சேவ் செய்கிறேன், முதல் ஃபைலின் மேல் எழுதுவதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை இவை. நானே இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மெஷினை ஸ்டூடியோவில் வைக்காமல், அவள் குளவியால் போனதால் தோட்டம் இன்னும் திருப்பிக் கேட்காத காம்பராவுக்குக் கொண்டுவந்தேன். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தை ஸ்கேன் செய்து இடது பக்கம் வைத்தேன், ஹோட்டல் படத்தை வலது பக்கம். நல்ல மொனிட்டர் பொய் சொல்லாது என்பதால் இரண்டு பொய்யும் தெளிவாகத் தெரிந்தன. வெளுத்தவளைக் கறுக்கவைத்தேன், சாயம் பூசியது போல வந்தாள். கறுத்தவளை வெளுக்கவைத்தேன், சாம்பல் வந்தது. ஹோட்டல் படத்தின் கண்ணாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே தெரிகிறேன், சரியாக அவள் கன்னத்தின் மேல். என்னை அழித்தால் கன்னமும் போகிறது. ஒரு வாரம் இதையே செய்தேன். அதற்குள் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் இந்த இரண்டு படங்களும்தான் வருகின்றன. மூன்றாவதாக ஒருத்தி இருந்தாளே, கால் கழுவிவிட்டு ஈரக் கையோடு நின்றவள், அவள் வருவதில்லை. அவள் நிறம் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவனுக்கு.

உன்னை அழைத்தேன். ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஃபைலை மட்டும் கேட்டேன். "அந்த ஹார்ட் டிஸ்க் எங்கயோ கெடக்குப்பா, தேடிப் பாக்குறேன்" என்றாய். அது போன மாதம். அதற்குப் பிறகு ஐந்து முறை கேட்டு எழுதிவிட்டேன். தேடுவதாக இருந்தால் சொல், நான் வந்து தேடுகிறேன், காலையில் பதுளையில் ரயிலேறினால் பொழுது சாயும்போது உன் வாசலில் நிற்பேன். அந்த டிஸ்க் உன் மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீ திறக்காமல் இருப்பது, திறந்தால் அவள் "சாப்பிட்டியா" என்று கேட்பாள் என்பதால்தான். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் நீ இளையவன், உனக்கு அவள் முகம் இன்னும் கொஞ்ச நாள் நினைவில் நிற்கும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஹோட்டலிலிருந்து இறக்கச் சொல்லமாட்டேன், மாமா தினமும் பார்க்கிறார். நான் வெளுத்ததற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம், நீ கறுத்ததற்கு நானும் காரணம் கேட்கமாட்டேன். லைட் கம்மி என்று அன்றைக்குச் சொன்னேனே, அந்தக் கம்மி லைட்டோடு, கயிற்றோடு, முடி போன இடத்தோடு, பாதிக் கோபத்தோடு அவள் எனக்கு வேண்டும். மெஷின் தயாராக இருக்கிறது. மொனிட்டரை என் கையை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். அந்த ஃபைலைத் திறக்காதே, தொடாதே, பெயரைக்கூட மாற்றாதே, அப்படியே அனுப்பு.

எப்போது அனுப்புகிறாய்?